பெரிய தெரு, பஸ் நிறுத்தத்திலிருந்து படித்துறை வரை: கடை வரிசை சொல்லுங்கள்

கால்வாய்க்கரை

வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாயை ஒட்டி இருக்கிற நம்ம ஊர் ஆட்கள் இங்கே ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள் என்று தெரியும். பெரிய தெருவில் 1975 வாக்கிலிருந்து 1992 வெள்ளம் வரை என்னென்ன கடை, யார் யார் வீடு என்று வரிசையாக எழுதி வைக்கலாம் என்று ஆசை. இப்போது போனால் செல்போன் கடையும் பேக்கரியும் நகை அடகுக் கடையும்தான் கண்ணில் படுகின்றன.

ஒரே ஒரு நிபந்தனை. யார் பெயரையும் போட வேண்டாம். தொழிலையோ வீட்டு அடையாளத்தையோ சொன்னாலே நமக்குப் புரியும். பேரன் பேத்திகள் எல்லாரும் படிக்கிறார்கள், அப்புறம் எனக்குத்தான் போன் வரும்.

நானே ஆரம்பிக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்வாயைப் பார்த்து நடந்தால் இடது கை வரிசை: டீக்கடை, வாடகை சைக்கிள் கடை, தையல்கடை, மருந்துக்கடை, அண்ணாச்சி பலசரக்குக்கடை, பிள்ளையார் கோயில், எண்ணெய்ச் செக்கு, பிறகு படித்துறை வரை வீடுகள். வலது கை: சலூன், சோடாக்கடை, போஸ்டாபீஸ், விறகுக்கடை, பாத்திரக்கடை, பஞ்சாயத்து ரேடியோ அறை, பீடிக்கடை, ரைஸ்மில். விட்டதைச் சேர்த்துவிடுங்கள்.

அம்பை பாசஞ்சர்

சோடாக்கடை வலது கை இல்லை அண்ணாச்சி, இடது கை. சைக்கிள் கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கொடுத்துவிட்டு அங்கே போய்த்தான் நிற்போம்.

மெஷின் பின்கட்டில் இருந்தது. இரும்புக் கூண்டுக்குள் பாட்டிலை மாட்டிக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். கேஸ் ஏறினதும் உள்ளே கிடக்கிற கோலி மேலே வந்து, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் அழுந்தி உட்காரும். அதுதான் மூடி. சில பாட்டில் சுற்றும்போதே வெடிக்கும், கூண்டு அதற்காகத்தான். அப்படியும் அவர் முன்னங்கை முழுக்கத் தழும்பு. இந்தப் பாட்டிலை 1872-ல் லண்டனில் காட் என்கிறவர் உருவாக்கினாராம். அவர் ஊரில் வழக்கொழிந்து எத்தனையோ காலம் கழித்தும் நம்ம தெருவில் கட்டைவிரலால் கோலியை அமுக்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். பன்னீர் சோடா, இஞ்சி, அப்புறம் சிவப்பாக ஒரு கலர். கல்யாண வீட்டுக்கு மரப்பெட்டியோடு போகும். வயிறு சரியில்லை என்றால் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு ஒன்று.

தாராவி நெல்லை

சோடாக்கடை வலது கைதான். நான் எதிர்வீடு.

அம்பை பாசஞ்சர்

நீங்கள் பம்பாய்க்கு ரயில் ஏறின வருஷம் என்ன? 1978-க்குப் பிறகு கடை மாறியிருக்கலாம். நான் சொல்வது அதற்குப் பிந்தைய காலம்.

பொட்டலம்

வணக்கம். பலசரக்குக்கடை என் தாத்தாவுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கடையில்தான் இருப்பேன், எனவே கடையைப் பற்றி நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முன்னால் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கும், ஒன்று மாறினாலும் கடைசிப் பலகை நுழையாது. உள்ளே நுழைந்ததும் வெல்லம், கருப்பட்டிச் சிப்பம், புளி மூட்டை, வத்தல் மூட்டை. மேலே உத்திரத்திலிருந்து நூல்கண்டு தொங்கும், நுனி தாத்தாவின் காதோரம் வரை வரும். பழைய தினத்தந்தித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, சீனியைக் கொட்டி, மேலே இரண்டு மடிப்பு மடித்து, கை நூலை இழுத்து, ஒரு சுற்று குறுக்கே, ஒரு சுற்று நெடுக்கே, பட்டென்று அறுப்பு. பேசிக்கொண்டே செய்வார், பொட்டலத்தைப் பார்க்கவே மாட்டார். கால் கிலோ துவரம்பருப்புக்கு ஒரு மாதிரித் தாள், நாலணா மஞ்சள்பொடிக்கு ஒரு மாதிரித் தாள். எனக்கு மஞ்சள்பொடி வரைக்கும்தான் அனுமதி.

கிலோ வந்து இருபது வருஷம் ஆகியும் ஆச்சிமார் வீசைக் கணக்கில்தான் கேட்பார்கள். "அரை வீசை கத்திரிக்காய் என்ன ஆச்சு" என்று காய்க்காரியிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். எங்கள் கடையிலும் எண்ணெய் உழக்கு, ஆழாக்கு என்றுதான் ஓடியது. மெட்ரிக் எடைச் சட்டம் 1956-ல் வந்தது, அதன் பின் தராசுக்கும் கல்லுக்கும் முத்திரை போட அதிகாரி வருவார். அவர் வருகிற அன்று ஆழாக்கு எல்லாம் பரண் மேல்.

பற்று நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், தலைப்பில் "மில்", "வாத்தியார்", "மாடி வீடு", "வேப்பமரம்" என்று இருக்கும். விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர்கள் மாதாமாதம் சம்பளத்தன்று தீர்ப்பார்கள், அவர்களுக்குக் கடன் கொடுக்கத் தாத்தாவுக்கு யோசனையே கிடையாது. விவசாய வீடுகள் கார் அறுப்புக்கு ஒரு முறை, பிசான அறுப்புக்கு ஒரு முறை. பாதிப் பேர் பணமாகத் தர மாட்டார்கள், நெல்லாக அளப்பார்கள். களத்துக்குத் தாத்தாவே மரக்காலோடு போவார். பீடி சுற்றும் வீடுகள் வாரக் கணக்கு. ஒரே நோட்டில் மூன்று விதமான நாட்காட்டி.

கீழத்தெரு

நான் இந்த இழையை நாலைந்து நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

பலகைக் கதவு, நூல்கண்டு எல்லாம் எனக்கும் தெரியும், ஆனால் பக்கவாட்டிலிருந்துதான் தெரியும். அந்தக் கடைக்குக் கோயில் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கம்பி போட்ட ஜன்னல், கீழே ஒரு கல். எங்கள் தெரு ஆட்கள் அந்தக் கல்லில்தான் காசை வைக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டு பொட்டலத்தை அங்கேயே வைப்பார். கையில் கொடுக்க மாட்டார். முன்பக்கம் கூட்டம் தீர்ந்த பிறகுதான் எங்கள் முறை வரும், ஆழாக்கு எண்ணெய்க்கு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

டீக்கடையில் எங்களுக்கு இரும்பு டம்ளர், வெளியே கம்பில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவித் தொங்கவிட வேண்டும். என் அப்பா பெரிய தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். இதெல்லாம் தீண்டாமைக்கு எதிரான 1955 சட்டம் வந்து இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து நடந்தது.

உங்கள் வரிசையில் ஜன்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விறகுக்கடை மருமகன்

தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் கடை வரிசை கேட்ட இடத்தில் இதைப் பேச வேண்டுமா? அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் இருந்தது. நல்லதை நினைக்கலாமே.

சுளகு

விறகுக்கடை அத்தான், அவர் கடையைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்? ஜன்னல் கடையில் இல்லாமல் வேறு எங்கே இருந்தது?

பொட்டலம்

ஜன்னல் இருந்தது. கல்லும் இருந்தது. கூட்ட நேரத்தில் என்னைத்தான் அந்தப் பக்கம் அனுப்புவார்கள், சின்னப் பையன் என்பதால். கீழத்தெரு வீடுகளுக்குப் பற்று நோட்டில் பக்கம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் மட்டும்தான். கூலி அன்றாடம் வருகிறவர்களுக்குத்தான் கடன் அதிகம் தேவைப்பட்டிருக்கும்.

1990 வாக்கில் என் மாமா கடையை எடுத்ததும் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். மனம் மாறினார் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பஸ் நிறுத்தத்தில் வேறொருவர் கடை போட்டு, வருகிறவர் எல்லாருக்கும் ஒரே வாசலில் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் கடைக்குப் பாதி வியாபாரம் போனது.

கீழத்தெரு

ஆமாம், அந்தப் புதுக்கடை. முதல் நாள் அங்கே பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்கள், நான் பழக்கத்தில் காசைப் பலகை மேல் வைத்தேன். சரி, விடுங்கள். சோடாக்கடை வலது கைதான். ஜன்னல் பக்கம் நின்றால் நேர் எதிரே தெரியும், பார்த்துக்கொண்டு நிற்க நிறைய நேரம் இருந்தது.

தாராவி நெல்லை

அப்பாடா, எனக்கு ஒரு சாட்சி.

சுளகு

பீடிக்கடையை அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

நான் ஆறாம் வகுப்பில் சுற்ற ஆரம்பித்தேன். ராத்திரியே இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டு. தகடு என்றால் பீடி அளவுக்கு நறுக்கின தகரத் துண்டு. மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டின இலை. ஒரு சிட்டிகை தூளை இலையில் நீளமாகப் பரப்பி, இரண்டு கைப் பெருவிரலாலும் உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றினால் ஒன்று. எங்கள் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சுற்றுவாள், யார் பஸ்ஸுக்குப் போகிறார்கள், யார் வீட்டுக்கு விருந்தாள் வருகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு.

சாயங்காலம் கடையில் வரிசை. கணக்குப்பிள்ளை கட்டை எடுத்து விரலால் அமுக்கிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் கழித்துப் போடுவார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, ஆனால் பீடியைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். அது எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் அடுத்த நாள் சொத்தை இலை வரும். கொடுக்கிற இலையில் ஆயிரம் பீடி தேறாது, குறைகிறதற்குக் கையிலிருந்து காசு போட்டு இலை வாங்க வேண்டும். அதையும் அதே தெருவில் ஒருத்தர் விற்றார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே.

ஒரு நல்லதும் நடந்தது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்தது, பி.எஃப். 1977-ல் நீட்டித்தார்கள். அட்டை எல்லாருக்கும் உடனே கிடைக்கவில்லை, ஒரு அட்டையில் மூன்று பேர் சுற்றுவதும் நடந்தது. ஆனால் அட்டை கிடைத்தவர்களுக்கு அது தங்கம். என் அக்கா கல்யாணத்துக்கு அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் அம்மாவின் பி.எஃப். பணத்தில் எடுத்ததுதான். பாத்திரக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பெயர் வெட்டிக்கொண்டு வந்தோம். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்குப் பீடி அட்டை இருக்கிறதா என்று கேட்ட காலம் அது.

தறிக்குழி

நான் உங்கள் ஊர் இல்லை, வீரவநல்லூர். அத்தை வீடு உங்கள் பெரிய தெருவின் கடைசியில். எங்கள் தெருவில் பீடிக்குப் பதில் நெசவு, தறியில் ஏற்றுகிற நூல்தான் பாவு. விடிந்தும் விடியாமலும் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு நீவுவார்கள், காய்கிறதுக்குள் ஒவ்வொரு இழையும் பிரிந்து வர வேண்டும். அதுவரை ஒரு வண்டி உள்ளே வராது. கல்யாண ஊர்வலமே நின்று போயிருக்கிறது. மழை தூறினால் மொத்தத் தெருவும் ஓடிவந்து கை கொடுக்கும், சண்டைக்கார வீடு உட்பட.

அத்தை வீட்டுக்கு லீவில் வந்தால் எனக்குப் பிடித்தது உங்கள் செக்குதான். எள்ளில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு ஆட்டுவார்கள், எண்ணெய் பிரிகிற நேரத்தில் தெரு முனை வரை வாசம். பிண்ணாக்கைச் சுடச்சுட உடைத்துக் கொடுப்பார் அந்தத் தாத்தா. மாட்டுக்குப் போட வேண்டியதை நாங்கள் தின்றோம்.

அம்பை பாசஞ்சர்

செக்குமாட்டுக்குக் கண் கட்டியிருக்கும். அது படுத்தால்தான் அவருக்கு ஓய்வு.

என் பங்குக்கு ரயிலைச் சொல்கிறேன், கடை இல்லை என்றாலும். திருநெல்வேலி, சேரன்மகாதேவி, கல்லிடை, அம்பை, தென்காசி, செங்கோட்டை. 1904-ல் மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் போன மீட்டர் கேஜ் பாதை. தெருவில் கடிகாரம் இருந்த வீடு ரொம்பக் குறைவு, காலை வண்டி கூவினால் உலை, சாயங்கால வண்டி கூவினால் விளக்கு. வண்டி தாமதமானால் மொத்தத் தெருவும் தாமதமாகச் சாப்பிடும். பத்தமடைப் பாய்க்காரர் அதில்தான் வருவார், தோளில் சுருட்டோடு. கல்யாணப் பாய் வேண்டும் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், நெய்து கொண்டுவந்து விடுவார். காருகுறிச்சிப் பானை மட்டும் வண்டியில் வராது, பொங்கலுக்கு முன்னால் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி வரும். 2012-ல் அகலப் பாதை ஆகிவிட்டது, சத்தமே வேறு.

தாராவி நெல்லை

போஸ்டாபீஸைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாடகை வீட்டின் முன் அறை. ஜன்னலில் ஒரு பசைக் கிண்ணம், அதில் எப்போதும் ஒரு ஈ.

நான் தாராவிக்கு வந்த புதிதில் மாதாமாதம் அம்மாவுக்கு மணியார்டர் அனுப்புவேன். பாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். நாலு வரி பிடிக்கும். "நலம். மழை. அடுத்த மாதம் கூட அனுப்புகிறேன்." கடிதத்துக்குத் தனியாக 15 பைசா கார்டு வாங்குவது மிச்சம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, நோட்டை எண்ணிக் கொடுப்பார். அப்போது தெரு முழுக்க அங்கே இருக்கும், ஆகவே நான் எவ்வளவு அனுப்புகிறேன் என்பது ரைஸ்மில் வரைக்கும் தெரியும். அவருக்கு ஒரு டம்ளர் மோர். மோரில் குறை இருந்தால் அடுத்த மாதம் நம் வீட்டுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்று அம்மா சொல்லுவாள்.

தந்தி வந்தால் வேறு விஷயம். சைக்கிளை நிறுத்தும் முன்னே அழுகை ஆரம்பித்துவிடும். வேலை கிடைத்த தந்திக்கும் அழுதிருக்கிறார்கள். தந்தி 2013-ல் நின்றது, பழைய முறை மணியார்டர் 2015-ல்.

விறகுக்கடை மருமகன்

பாத்திரக்கடை வாசலில் வருஷத்துக்கு ஒரு தடவை ஈயம் பூசுகிறவர் வந்து உட்காருவார், அதையும் சேருங்கள். மண்ணில் குழி தோண்டித் துருத்தி பதித்து, கரி போட்டு, பித்தளைப் பானையை அதன் மேல் கவிழ்த்துச் சுட வைப்பார். உள்ளே நவச்சாரத்தைத் தூவினதும் வெள்ளையாகப் புகை கிளம்பும், மூக்கு எரியும். வெள்ளீயக் கட்டியால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, பஞ்சை வைத்து ஒரே வீச்சில் சுற்றுவார். பானைக்குள் முகம் தெரியும். எவர்சில்வர் வந்த பிறகு அவர் வரவில்லை. கடைசியாக வந்தபோது எங்கள் கடையில்தான் கரி வாங்கினார், அதனால் ஞாபகம்.

கேஸ் அடுப்பு வந்ததும் எங்கள் விறகுக்கடையும் போனது.

கால்வாய்க்கரை

பாத்திரக்கடை எந்த வருஷம் ஆரம்பித்தது என்று தெரியுமா? சிலர் 1980 என்கிறார்கள்.

சுளகு

அதற்கு முன்பே. என் மாமியார் கொண்டுவந்த செம்பு என்னிடம் இருக்கிறது, 12-2-71 என்று வெட்டியிருக்கிறது. பெயர் வெட்டினவருடைய கை அப்படியே தெரியும், "ன" எழுதும்போது ஒரு புள்ளி கூடுதலாக விழும் அவருக்கு.

பொட்டலம்

பஞ்சாயத்து ரேடியோ ஒரு வரி. சாயங்காலம் திறந்து ஒலிபெருக்கியில் திருநெல்வேலி வானொலி. அந்த நிலையம் 1963-ல் ஆரம்பித்தது. நெல் விலை, அணை நீர்மட்டம் சொன்னதும் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பையன்களுக்கு இலங்கை வானொலி வேண்டும். அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஸ்டேஷன் மாறும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் போஸ்டாபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும், அது 1980களின் நடுவில்தான் நீங்கியது. அதுவரை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ரேடியோ நெல்குதிருக்குள் போகும்.

அம்பை பாசஞ்சர்

வெள்ளத்தைப் பற்றி யார் எழுதுகிறீர்கள்?

கால்வாய்க்கரை

1992 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. மலையில் கொட்டின மழைக்கு அணைகள் நிரம்பி, தாமிரபரணி கரையில் அடங்கவில்லை. நமக்கு ஆற்றோடு சேர்ந்து கால்வாயும் உடைத்துக்கொண்டது. படித்துறைப் பக்கத்து மண்சுவர் வீடுகள்தான் முதலில் விழுந்தன. நாங்கள் ரைஸ்மில் மாடியில் இருந்தோம். மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்க இடமில்லை, எல்லாரும் நெல்மூட்டை மேல்.

கீழத்தெரு

பார்த்தார்கள் அண்ணாச்சி. மாடியில் இல்லை, ரைஸ்மில் களத்துக் கொட்டகையில் இருந்தோம் நாங்கள். மறுநாள் தண்ணீர் கொட்டகைக்குள் வந்த பிறகுதான் மேலே ஏறச் சொன்னார்கள். சொன்னது ரைஸ்மில் முதலாளி அம்மா, அவர்தான் சாவியைக் கொடுத்து அனுப்பினார். அதையும் சொல்ல வேண்டும்.

பொட்டலம்

எங்கள் கடையில் இடுப்பளவு தண்ணீர். உப்பு மூட்டை, சீனி மூட்டை அப்படியே கரைந்துவிட்டன. புளி மட்டும் தப்பியது. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பற்று நோட்டில் தீபாவளிச் சாமான் கணக்கு மொத்தமும் நிலுவை. நோட்டு ஊறி, மை கரைந்து, பக்கமெல்லாம் ஒரே நீலம். தாத்தா அதைத் திண்ணையில் விரித்துக் கல் வைத்துக் காய வைத்தார்.

நிறையப் பேர் அவர்களாகவே வந்து "எனக்கு இவ்வளவு இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்கள். இப்போதும் ஊரில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

தாராவி நெல்லை

எல்லாரும் வரவில்லை என்றும் சொல்லு தம்பி. என் சித்தப்பா வரவில்லை. "நோட்டே போச்சு, இனி என்ன கணக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டார். அப்புறம் இரண்டு வருஷம் கல்லிடைக்குப் போய்ப் பலசரக்கு வாங்கினார், கடை வழியாக நடக்க வெட்கப்பட்டு. பஸ் செலவைக் கூட்டினால் கடனைத் தீர்த்திருக்கலாம்.

பொட்டலம்

தெரியும் அண்ணாச்சி. தாத்தாவுக்கும் தெரியும். அந்த வீட்டுப் பக்கம் மட்டும் மை கரையவில்லை, பென்சிலில் எழுதியிருந்தார்.

தறிக்குழி

சிரித்து முடியவில்லை.

சுளகு

எல்லாரும் கடைகளையே எழுதுகிறீர்கள். பலகைக் கதவு இல்லாத வியாபாரம் எத்தனை இருந்தது? வேப்பமர வீட்டு ஆச்சி காலையில் இட்லி, மத்தியானம் கூழ்வத்தல் பிழிவாள். அடுத்த வீட்டில் சீட்டுப் பிடித்தார்கள், மாசம் பத்து ரூபாய், குலுக்குச் சீட்டு. அதில் பாத்திரம் எடுக்காத பெண்ணே தெருவில் கிடையாது. பிச்சி மொட்டு வந்து இறங்கினால் மூன்று வீட்டில் பூக்கட்டு.

முக்கியமாக மருத்துவச்சி அம்மா வீடு. இந்த இழையில் எழுதுகிறவர்களில் பாதிப் பேரைக் கையில் வாங்கியது அவர்தான். செக்குக்கு அடுத்த மூன்றாவது வீடு, இரண்டு வாசல்.

கால்வாய்க்கரை

அது எப்படி எனக்கு விட்டுப்போனது! என்னையும் என் தம்பிகளையும் அவர்தான். கூலி என்று வாங்க மாட்டார், ஒரு மரக்கால் நெல், வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. முதல் பிள்ளைக்கு மட்டும் சேலை.

கீழத்தெரு

எங்கள் தெருவுக்கும் வருவார். எந்த ராத்திரியிலும் கூப்பிட்டால் வருவார், அரிக்கேன் விளக்கைத் தானே பிடித்துக்கொண்டு. திரும்பிப் போகும்போது கால்வாயில் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். ஈரச்சேலையோடு பின்வாசல் வழியாக. மார்கழியிலும் அப்படியே. அவருக்கு அது கோபமா சங்கடமா என்று எங்கள் அம்மாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை, மாமியாருக்குப் பயந்து செய்கிறார் என்று சொல்வாள்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாம் குறித்து வைப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஜூன் 1 என்று போட்டுவிட்டார்கள், எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஜூன் மாதம்தான். உண்மையில் நான் ஐப்பசியில் பிறந்தவன், அந்த நோட்டில் இருக்கிறது என்று அம்மா சொல்வாள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அதில் பக்கம் உண்டு என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அம்மா பார்த்திருக்கிறாள். வெள்ளத்தில் போய்விட்டதா?

விறகுக்கடை மருமகன்

போகவில்லை தம்பி. அந்த வீடு மேட்டில் இருந்தது, நடை வரைக்கும்தான் தண்ணீர். அவர் காலத்துக்குப் பிறகு ட்ரங்குப்பெட்டியோடு மகள் வீட்டுக்குப் போனது. பேத்தி சேரன்மகாதேவியில் இருக்கிறார், என் மனைவிக்குத் தெரிந்தவர். ஒன்று இல்லை, நாலைந்து நோட்டாம். போன வருஷம் ஒருவர் பாஸ்போர்ட்டுக்காகக் கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், பாஸ்போர்ட் ஆபீஸில் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. ஐப்பசியில் எந்த வருஷம் என்று மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அம்மா பெயரும் வேண்டும், அவர் தாய் பெயரில்தான் எழுதியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்தப் பக்கம் போகிறோம், பார்த்து வரச் சொல்கிறேன்.

கீழத்தெரு

அனுப்பிவிட்டேன். என் அக்காவுடையதையும் சேர்த்து.